பதினோரு மாதம்

"பால்மணம் மாறாத பயல்" என்றார் மாலக்கி,
கல்சுவரில் முழங்கையை ஊன்றி.
தொப்பி விளிம்பிலிருந்து மழை
அவர் தேநீரில் சொட்டிக்கொண்டிருந்தது.
"பதினோரு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு என்ன தெரியும்?"

பயலுக்குத் தெரிந்திருந்தது.

கன்னிமாராவில் எங்கள் வயல்கள்
கைக்குட்டை அளவு.
கல்லைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல்
கல்லையே சுவராக அடுக்கிய பூமி.
சாந்து கிடையாது. இடுக்குகளில் காற்று புகுந்து போவதால்தான்
எந்தப் புயலுக்கும் விழுவதில்லை என்பார்கள்.
காற்று போகிற வழியில்
வாசனையும் போகும் என்று
எவரும் சொன்னதில்லை.

நான் ஏமாளி இல்லை.
சமையலறைக் கதவில் நாட்காட்டி,
இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை சிவப்பு வட்டம்.
செல்கி வாலைத் தூக்கி, சுவரோரம் நின்று
கண் சிமிட்டாமல் மேற்கே பார்க்கும் அந்த வாரம் முழுக்க
அவளைக் கொட்டகையில் அடைத்து
வைக்கோலும் வானொலியும் வைத்தேன்.
தாயைக் காத்தேன்.
மகள் கீழ்வயலில் நின்றாள்,
இரண்டு வயதுகூட நிரம்பாதவள்.
அவளுக்கு வட்டமும் இல்லை, பெயரும் இல்லை.

ஏப்ரலில் ஒரு காலை
சுவரின் தலைக்கற்கள் மூன்று
பாசிப்பக்கம் கீழாகக் கிடந்தன.
இந்தப் பக்கம், என் புல்லில்,
இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று
மேய்ந்துகொண்டிருந்தான் பயல்.
முன்னங்காலில் மட்டும் ஒரு சிராய்ப்பு.

கல்லைத் திரும்ப ஏற்றினோம்.
"ஒன்றும் நடந்திருக்காது" என்றார் அவர்.
"ஒன்றும் நடந்திருக்காது" என்றேன் நான்.
இரண்டு பேர் சேர்ந்து சொன்னால்
அது உண்மையாகிவிடும் போல.

மே முடிவில் டாக்டர் ப்ளானித் வந்தாள்,
தோள்வரை கையுறை.
செல்கி காலி. நான் மூச்சுவிட்டேன்.
"வந்ததே வந்தேன், சின்னவளையும் பார்த்துவிடுகிறேன்."

திரையில் சாம்பல் நிறப் பனிமழை.
நடுவில் கறுப்பாக ஒரு குளம்.
குளத்தில் ஏதோ துடித்தது,
பழுதான மின்விளக்கு மாதிரி, விடாமல்.

"அன்று மாலையே கூப்பிட்டிருந்தால்
ஒரு ஊசியோடு போயிருக்கும்" என்றாள்,
கையுறையை உரித்தபடி.
அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

மாலக்கியிடம்தான் நிறையப் பேசினாள்.
ஈ பெருகும் முன் பயலுக்குக் காயடிக்க வேண்டும்.
அடித்த மறுநாளே துறவி ஆகிவிட மாட்டான்,
ஆறு வாரம் தள்ளி வை.
அவனைப் பெற்றவளோடும் விடாதே,
அவனுக்கு உறவுமுறை தெரியாது.
அப்புறம் வேலி: ஒன்று போதாது, இரண்டு.
"முதல் வேலி அவர்களுக்கு.
இரண்டாவது நீங்கள் தூங்குவதற்கு."

அவர் தலையாட்டவும் இல்லை.

வியாழக்கிழமை டிராக்டரில் கம்பங்கள் வந்தன.
என் பக்கத்தில், சுவரிலிருந்து எட்டடி தள்ளி,
கேட்காமலே குழி தோண்டினார்.
நான் கம்பத்தைப் பிடித்தேன், அவர் சம்மட்டி.
ஏழாவது கம்பத்தில் நின்றார்.

"எங்கம்மாவுக்குப் பதினேழு வயசு.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரென்று
சாகும்வரை சொல்லவில்லை."

ஒரு அடி.

"நான் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, டெர்வ்லா.
இந்த டிராக்டர், இந்த மழை, எல்லாம் பிடித்துத்தான் இருக்கிறது.
ஆனால் அவளிடம்
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

இன்னொரு அடி. கம்பம் இறங்கியது.
நான் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

போகும்போது சின்னவளின் நெற்றியைத் தடவி
"இவள் பேர் என்ன?" என்றார்.
"இன்னும் வைக்கவில்லை."
"ஹனோரா என்று வை."
யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை.

சுவருக்கும் வேலிக்கும் நடுவே
எட்டடி அகலத்தில் புல்
முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.
அடுத்த மார்ச்சுக்கு நாட்காட்டி இன்னும் அச்சாகவில்லை,
கதவு மரத்திலேயே வட்டம் போட்டிருக்கிறேன்.
ஹனோராவுக்கு இரட்டைப் பங்கு ஓட்ஸ்.
அந்தப் பக்கத்திலிருந்து
காற்று வரும்போதெல்லாம் தலைநிமிர்கிறாள்,
பிறகு மேய்கிறாள்.