வானிலை: மிர்க்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலை வாடும் வாசனை
கீபோர்டுக்குள்ளும் புகுந்துவிட்ட ஆபீஸில்
நூறு வருட மழையை எக்செல்லில் ஏற்றுகிறேன்.
நாளுக்கு ஒரு வரி. அங்குலம், பிறகு வானிலை.

1911 ஜூலை ஒன்பது. பூஜ்யம். மிர்க்.
பத்து. பூஜ்யம். மிர்க்.
பதினொன்று. பூஜ்யம். மிர்க்.

கணினி சிவப்புக் கோடு இழுத்தது.
மில்க்கா என்று கேட்டது. மார்க்கா என்றது.
பால் இல்லையப்பா, துரையின் கையெழுத்து.

தேடினேன். இருட்டாம்.
இங்கிலீஷ்காரனே கைவிட்ட இருட்டு.
வடகடலில் துடுப்புப் போட்டு வந்தவர்கள்
கருவாட்டோடு கொண்டுவந்து
ஸ்காட்லாந்துக் கரையில் இறக்கிப் போனது.
அங்கே ஆடு மேய்த்து, குளிரில் மூக்கொழுகி,
தொள்ளாயிரம் வருடம் கழித்து
யாரோ ஒருவனின் டிரங்குப் பெட்டியில்
மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறியிருக்கிறது.

கப்பலில் வந்தது என்றாலே எனக்குக் கொஞ்சம் பரிவு.
அப்பா தலைமன்னாரில் ஏறியவர்.
அவர் கொண்டுவந்த ‘பேணி’யை
இன்றும் டம்ளர் என்று திருத்துகிறார்கள்.

மருள் என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறதே,
பொழுது மயங்கும் மருள்.
மிர்க், மருள், மிர்க்.
உறவு கொண்டாட நாக்குத் துடித்தது.
ஒலி ஒத்தால் பங்காளியா? விட்டுவிட்டேன்.

பாய்லர் போஜனைக் கேட்டேன்.
“கத்தலெ” என்றார், படுக மொழியில்.
கொஞ்சம் பொறுத்து,
“பகல்லயா?”

அதுதான். பகலில்.

பரணிலிருந்து செக்ரோல் கட்டை இறக்கினேன்.
ஜூலை எட்டு, மூன்றாம் கங்காணி கணக்கு:
சின்னாயி, கொழுந்து, எட்டு ராத்தல்.
ஒன்பதில் அவள் பெயர்மேல் ஒரு கோடு.
காரணம் எழுதவில்லை.
அதே மை.
மற்றக் கோடுகளெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவை.
இது மட்டும் கையால்.

எனக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் நான்கே நான்கு:
வெயில், மேகம், மழை, மூடுபனி.
ஹெட் ஆபீஸ் இரண்டு முறை போன் செய்துவிட்டது.
மூடுபனியை மூன்று தடவை அழுத்தினேன்.
சிவப்புக் கோடு போயிற்று.

ஐந்தேகாலுக்கு ஷட்டர் இறக்கும்போது
போஜன் சாம்பலை வாளியில் தட்டியபடி சொன்னார்:
“மானியில தண்ணி இல்லாத நாள்லயும்
அந்த ஆளுக்கு எதையோ எழுத வேண்டியிருந்திருக்கு.”

பஸ் இரண்டாவது வளைவு திரும்பிய பிறகுதான்
நினைவு வந்தது,
பன்னிரண்டாம் தேதியை
நான் புரட்டிப் பார்க்கவே இல்லை.