எழுபத்திரண்டில் ஒன்று

மூன்று வாரமாக என் மேசையில்
ஒரு மஞ்சள் விமானம், இன்னும் மஞ்சளாகாமல்.
பீட்ரூட் வயல்களுக்கு மருந்து தெளிக்கிற ரகம்.
துப்பாக்கி கிடையாது. வயிறு மட்டும் பெரிது.

சட்டத்திலிருந்து துண்டை
ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது.
முதல் வெட்டு தள்ளி, அடுத்தது ஒட்டி.
அவசரப்பட்டால் பிளாஸ்டிக் வெளிறிப்போகும்,
அடிபட்ட நகம் மாதிரி.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
அடுத்தவர் வாய்க்கான கடைவாய்ப்பற்களை
மெழுகில் செதுக்கிச் சம்பளம் வாங்குகிறேன்.
முனை மழுங்கிவிட்டதென்று கழித்துப்போட்ட
கொக்கி ஊசி ஒன்றைத் தீட்டி எடுத்துவந்தேன்.
இறக்கையில் தகட்டுக்கோடு கீறுவது அதனால்தான்.
ஊசியின் சொந்த எடையே போதும்.
மூன்று முறை இழுத்தால் கோடு,
ஒரு முறை அழுத்தினால் காயம்.

எதிர்க் கட்டடத்துக்கும் தகட்டுக்கோடு உண்டு.
ஓஸ்த்ராவாவில் பாதிப்பேர் குடியிருக்கும்
அதே கான்கிரீட் பலகை வீடு, ஒன்பது மாடி.
பலகைக்குப் பலகை கறுத்த இணைப்பு.
ஜன்னல்களுக்குக் கீழே மழை இறங்கிய தடம்:
மேலே கருப்பு, போகப்போகச் சாம்பல்,
அப்புறம் வெறும் சுவர்.
எங்கே முடிந்ததென்று சொல்ல முடியாத
அந்தக் கடைசி அங்குலம்
எனக்கு வரவே இல்லை.
எண்ணெய்ச் சாயத்தில் ஒரு பொட்டு வைப்பேன்,
ஈரத் தூரிகையால் கீழே இழுப்பேன்,
நிமிர்ந்து சுவரைப் பார்ப்பேன்.
மழைக்கு ஐம்பது வருடப் பயிற்சி.
எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்.

ஏப்ரலில் அதற்குச் சாரம் கட்டினார்கள்.
ஆரஞ்சுத் தலைக்கவசத்தில் ஒருவன்
ஆறாம் மாடி இணைப்புகளுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான்.
கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி,
ஸ்கேலை அவனுக்கு எதிரே பிடித்தேன்.
பூட்ஸிலிருந்து கவசம் வரை
இரண்டரை சென்டிமீட்டர்.
என் விமானத்துக்கு அளவெடுத்த ஆள்.
ஏணி ஒன்று சாய்த்தால்
ஏறி உட்கார்ந்துவிடுவான்.

அவன் அங்கே கோடுகளை அழிக்க அழிக்க
நான் இங்கே கீறினேன்.
தடங்கள் ஒவ்வொன்றாகப் போயின.
சுவர் இளஞ்சிவப்பாயிற்று,
பல் இல்லாத ஈறு போல.
காப்பியடித்துக்கொண்டிருந்த விடைத்தாளை
யாரோ உருவிக்கொண்டார்கள்.

இதற்கிடையில்
இறக்கை உடலோடு சேரும் இடத்தில்
ஒரு முடி நுழையும் சந்து.
பட்டி வைத்தேன், அரைமணியில் தேய்த்தேன்.
காலையில் அங்கே பள்ளம்.
மறுபடி பட்டி.
மறுபடி பள்ளம்.

மே மாதம் சாரம் எங்கள் பக்கம் வந்தது.
உப்புத்தாளோடு குனிந்திருந்தபோது
கண்ணாடியில் விரல் தட்டியது.
அவன்தான். எழுபத்திரண்டு மடங்கு வளர்ந்து,
புருவமெல்லாம் வெள்ளைத் தூளாக.
ஓஸ்தாப் என்று சட்டையில் தைத்திருந்தது.
எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி
இருந்திருந்தாலும் ஜன்னல் மூடியிருந்தது.

என் உப்புத்தாளைக் காட்டி
வேண்டாம் என்று தலையசைத்தான்.
தன் கரண்டியிலிருந்த பட்டியைக் காட்டினான்.
உள்ளங்கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்து
கண்ணை மூடினான்: தூங்கட்டும்.
ஒரு விரல். யோசித்து, இரண்டு விரல்.
பிறகு இரண்டையும் மெல்ல நெருக்கினான்:
அது உள்ளே சுருங்கும்.

மெழுகு சுருங்கும் கணக்கை
இருபது வருடமாகப் போடுகிறவள் நான்.
முதலில் கோபம் வந்தது.
பொறுத்தார் பூமி ஆளட்டும்,
எனக்கு ஓர் இறக்கை போதும்.
இரண்டு இரவு தூங்க விட்டேன்.
மூன்றாம் நாள் நனைத்துத் தேய்த்து
நகத்தை ஓட்டினேன்.
எங்கும் தடுக்கவில்லை.

சாரம் பிரிக்கும் நாளில் மறுபடி தட்டினான்.
மஞ்சளாகிவிட்ட விமானத்தைத் தூக்கி
வயிற்றுப் பக்கம் கண்ணாடிக்குக் காட்டினேன்.
அங்கே, புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி,
சுவரைப் பார்க்காமல் நான் இழுத்த ஒரு தடம்.

ஓஸ்தாப் முகம் சுளித்தான்.
சட்டைக்கையை விரலில் இழுத்துப் பிடித்து
கண்ணாடியைத் துடைத்தான்.
ஊதினான்.
மறுபடி துடைத்தான்.