வெய்யிலோ எண்ணெயோ

ஆறு தசம் இரண்டு.
வருத்தம் இல்லை என்றார் டொக்டர்.
இல்லாமலும் இல்லை என்றார்.
எல்லைக்கோட்டில் நிற்கிறேனாம்.
எனக்கு எல்லைகள் புதிதில்லை,
வரிசையில் நின்று பழகிய கால்.

வினிபெக்கில், போர்ட்டேஜ் வீதி ஹோட்டலொன்றின்
அடித்தளத்தில் வேலை.
ஓரிரவுக்கு நானூறு படுக்கைவிரிப்பு.
இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறவளுக்கு
நவம்பரிலிருந்து மார்ச் வரை
சூரியன் என்பது
சவர்க்காரப் பெட்டியில் அச்சடித்த படம்.

ஆராய்ச்சி என்று கூப்பிட்டார்கள்.
விட்டமின் டி கொடுத்தால்
சீனி வருத்தம் தள்ளிப்போகுமா என்று பார்க்கிறார்களாம்.
ஒலெனா என்கிற தாதி
பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே விளக்கினாள்:
பாதிப் பேருக்கு விட்டமின்,
பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய்.
யாருக்கு எது என்று
உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அட, பூக்கட்டிப் பார்க்கிற விஷயம்தானே.
வெள்ளைப் பூவோ சிவப்புப் பூவோ,
கையெழுத்துப் போட்டேன்.

மஞ்சள் குளிசை.
விளக்குக்கு நேரே பிடித்தால்
உள்ளே ஒரு துளி உருளும்.
விழுங்கிவிட்டுக் கொஞ்சநேரம்
வயிற்றுக்குள் விடிகிறதா என்று காத்திருப்பேன்.

தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனி குறைத்தேன்.
பாணில் ஒரு துண்டு.
சோற்றில் கைவைக்கவில்லை,
அதில் பொய் சொல்லமாட்டேன்.
வேறொன்றில் சொன்னேன்.

விரிப்பின் மறுநுனியைப் பிடிப்பவள் அல்கானேஷ்.
அஸ்மாராக்காரி.
அவளுடைய ஊரில் வெய்யில்
கேட்காமலே தோளில் வந்து உட்காருமாம்.
இங்கே முழங்கால் குத்துகிறது.
அவளும் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தாள்.
சீனி போதாது என்று திருப்பிவிட்டார்கள்.
சீனி போதாது!
மெஷின் சத்தத்துக்கு மேலால் சிரித்தோம்.
அன்றிரவே தொடங்கியது:
ஒன்றுவிட்டு ஒருநாள் குளிசை
அவளுடைய உள்ளங்கையில்.

மூன்று மாதத்துக்கொருமுறை
ஒலெனா போத்தலைத் தட்டில் கவிழ்த்து
பேனை நுனியால் மிச்சத்தை எண்ணுவாள்.
கணக்கு எப்போதும் சரி.
உன்னைப்போல ஒழுங்கான ஆட்களால்தான்
மருத்துவம் நடக்கிறது என்பாள்.
நான் சுவர்க் கலண்டரில்
திகதி தேடுவேன்.

இரண்டாவது விண்டரில் அல்கானேஷ்
படியேறக் கம்பியைப் பிடிக்கவில்லை.
பெப்ரவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
பஸ்ஸுக்கு ஓடினாள்.
பின்னால் மூச்சிரைத்து ஓடிய எனக்கு
யாரிடமும் சொல்லமுடியாத பெருமை.
என் வெய்யிலில் பாதி
அதோ ஓடுகிறது.

போன கிழமை கடிதம்.
உங்களுக்கு வழங்கப்பட்டது எண்ணெய்.
பங்களிப்புக்கு நன்றி.
இரு பகுதியாருக்கும் இடையில் வித்தியாசம் சிறிது,
மேலும் ஆராய வேண்டும்.
என்னுடைய எண் ஆறு தசம் ஒன்று.
அந்தத் தசம் ஒன்று யாருடைய வேலை?
அரைக் கரண்டியா? தவறவிட்ட பஸ்களா?
ரத்தமெடுத்த ஊசி
அன்று நல்ல மனநிலையில் இருந்ததா?

அவர்களுடைய வரைபடத்தில் எங்கோ
என் புள்ளி இருக்கிறது,
பாதி விழுங்கிவிட்டு
முழுதும் விழுங்கியதாய் நிற்கிற புள்ளி.
எண்ணெய்தானே, பாதியென்ன முழுதென்ன
என்று மனம் வக்கீல் பேசுகிறது.
ஒலெனாவின் பேனை நுனி
இரண்டிரண்டாய் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

நேற்றிரவு அல்கானேஷ் கேட்டாள்:
ஆராய்ச்சி முடிந்துவிட்டதே, இனிக் குளிசைக்கு?
விரிப்பை மடிக்கையில்
நாலு நுனியும் சேருகிற இடத்தில்
எங்கள் விரல்கள் முட்டும். முட்டின.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் உலர்த்தியைத் திறந்தாள்,
சூடு முகத்தில் அடித்தது.

காலையில் வேலை முடிந்து
மருந்துக்கடைக்குப் போனேன்.
பன்னிரண்டு டொலர் தொண்ணூற்றொன்பது சதம்,
எண்ணெயில்லை, விட்டமினேதான்.
இதுவும் மஞ்சள்.
குசினி மேசையில் வைத்து
பழைய போத்தலுக்குள் ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
அறுபதாவதில் கை நின்றது.

உண்மையை விழுங்கி
அவளுக்கு மறுபடி நோ வந்தால்
நான் என்ன செய்ய?