அகராதியில் சேர்

பென்னாகரம் ரோட்டில் தீர்த்தகிரி அச்சகம்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
நடுவில் யாராவது கட்சிக்காரருக்குப் பிறந்தநாள்.
இதற்கிடையில்தான் வந்தது அந்த வேலை:
வாட்ஸப்பில் நாற்பத்தோரு போட்டோ, ஆறு குரல்பதிவு,
சீட்டுப்பணத்தில் மூவாயிரம் அட்வான்ஸ்.
நூற்றைம்பது பிரதி போதுமாம்.
"என்ன புக்கு?" என்றார் முதலாளி.
"வேற கிரகத்துக் கதைங்களாம்."
"நம்ம ஊர்ல இருந்தா?"
கேட்டுவிட்டு அட்டைக்கு ஒரு ராக்கெட்டை எடுத்து வைத்தார்.

ராக்கெட் வேண்டாம் என்றார்கள்.
போர்வெல் லாரி போடுங்க, கம்பம் நிமிர்ந்து நிக்கிற மாதிரி.
எங்க கதைங்கள்ல கீழதான் போறோம்.

நான் அடிக்கிறவள். வாசிக்கிறவள் இல்லை.
விரல் ஒரு பக்கம் போகும், மனசு வட்டிக்காரரிடம் இருக்கும்.
ஆனால் ஷமீம்தாஜின் கையெழுத்தில் ஒரு நகரம்
வருடத்துக்கு ஒரு மாதம்தான் விழித்திருந்தது.
மீதிப் பதினொரு மாதம்
ஆட்களை அணைத்து, உறை போட்டு, அடுக்கி வைத்திருந்தார்கள்.
அவளுக்குக் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் வேலை.
கடைசித் தாளில் கூழ் காய்ந்த பெருவிரல் ரேகை.
அதை எந்த எழுத்துருவில் அடிப்பது?

சென்றாயன் பேசி அனுப்பியிருந்தார்,
பின்னால் குவாரி கம்ப்ரசர் சத்தம்.
கண்டம் கண்டமாய் ஏற்றுமதியான ஒரு மலை
அயல்தேசத்து இடுகாடுகளில்
யார் யார் பெயரையோ சுமந்து நிற்கிறது.
ஓர் அமாவாசையில் அதற்குச் சலித்துவிடுகிறது.
கல்லறைக் கற்கள் எழுந்து
கடலுக்கடியில் நடந்து வருகின்றன, வீட்டுக்கு.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் மட்டும் தகராறு.

அஞ்செட்டியிலிருந்து வந்தது பாதி கன்னடம்.
டீக்கடை ருத்ரப்பா வாசித்துச் சொன்னார்.
முடிவை அவராக மாற்றிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.
எழுதிய பையன் யோசித்தான்,
அந்த முடிவே இருக்கட்டும் என்றான்.

ரேவந்திகாவின் காலயந்திரம் ஒரு டவுன் பஸ்.
கட்டணமில்லை என்று நெற்றியில் எழுதியிருந்தும்
நடத்துனர் அவளை மேலும் கீழும் பார்க்கிறார்.
அவர் பார்த்து முடிப்பதற்குள்
முந்நூறு வருடம் ஓடி
இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிடுகிறது.

பல்லைப் பற்றியும் ஒன்று இருந்தது.
ஆழ்துளைத் தண்ணீர் கறை ஏற்றிய பழுப்புப் பல்லை வைத்து
விண்வெளியில் நம் ஊர்க்காரரைக் கண்டுபிடிப்பார்களாம்.
அதை அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டேன்.
பிறகு திறந்தேன். அறையில் யாருமில்லை.

பிரச்சனை கம்பைநல்லூர் வேடியம்மாளிடம் வந்தது.
"கப்பல்ல இருந்து ஒறம்பரைங்க எறங்குனாங்க"
என்று எழுதியிருந்தார்.
திரையில் சிவப்புக் கோடு நெளிந்தது.
விருந்தினர்கள் இறங்கினர் என்று திருத்தி அனுப்பினேன்.
பொழுது சாய்வதற்குள் போன்.

"ஏம்மா, விருந்தாளின்னா தின்னுட்டுப் போயிருவான்.
ஒறம்பரைன்னா பொண்ணு கேப்பான், கைமாத்து கேப்பான்,
கோவிச்சுக்கிட்டு ஆறு வருசம் பேசமாட்டான்,
சாவுன்னா மொத ஆளா வந்து நிப்பான்.
எங் கதையே அந்த ஒரு வார்த்தை மேலதான் நிக்குது.
நீ உருவிட்டீன்னா கப்பல் கவுந்துரும்."

சரிங்க என்றேன்.
சுட்டியில் வலப்பக்கம் அழுத்தினால் வரும் பட்டியல்:
புறக்கணி.
எல்லாவற்றையும் புறக்கணி.
அதற்கும் கீழே, ஒன்பது வருடத்தில் நான் தொடாதது,
அகராதியில் சேர்.

கோடு போய்விட்டது.

மறுநாள் காரிமங்கலத்துக் கல்யாணப் பத்திரிகை.
சுற்றமும் நட்பும் சூழ என்று வரவேண்டிய இடத்தில்
விரல் தானாக ஒறம்பரை என்று போனது.
கணினி ஒன்றும் சொல்லவில்லை.
மெய்ப்பு பார்த்த பெண்வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்நூறு கேட்டிருந்தார்கள்.
ஐம்பது கூடுதலாக ஓட்டி வைத்தேன்.
எந்தக் கப்பல் எப்போது இறங்குமோ.