கால் போர்

கேப்பர் மலைச் சரிவில்
மூன்றாம் கியரில் போகும்போது
சின்ன விக்கல் மாதிரி ஒன்று.
அடுத்த நொடி பின்சக்கரம் உறைந்து
செம்மண்ணில் நான் இழுத்த கோடு
பதினோரு அடி.
எழுந்து, முழங்கை ரத்தத்தைத் துடைத்து,
காலடியால் அளந்தேன்.

பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தது நான்தான்.
ஐந்து லிட்டருக்கு நூற்றைம்பது மில்லி,
அவ்வளவுதான் கணக்கு.
திருப்பாதிரிப்புலியூர் நகைக்கடன் கிளையில்
அரக்கைக் கழித்து, கல்லைக் கழித்து
பத்து வருஷமாக மில்லிகிராம் பிசகாமல்
எடை போடுகிறவள்.

மாடிப்படிக்குக் கீழே
இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்
நடுவில் என் பட்டறை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
ஆரோவில்லிலிருந்து ஊர் திரும்பிய ஒருவன்
எடைக்குப் போட இருந்த ஜப்பான் வண்டி.
நம்பர் பலகை கிடையாது,
மண்ணில் மட்டும் ஓடலாம்.

கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும்
அடகுப் பைகளில் போட்டேன்
(அச்சுப் பிழையென்று ஆபீசில் ஒதுக்கியவை).
பெயர்: கிளட்ச் மூடி.
பொருள் விவரம்: போல்ட் ஏழு, ஒன்று மட்டும் நெட்டை.
மீட்கும் தேதி என்ற கட்டத்தை
ஒன்றிலும் நிரப்பவில்லை.

பிஸ்டன் வெளியே வந்தது.
ஒரு பக்கம் முழுக்க இழுபட்ட கீறல்,
உரைகல்லில் மட்டத் தங்கம் தேய்த்ததுபோல.
கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல்
எவ்வளவு தேறும் என்று சொல்லிப் பழகிய கண்
இப்போது எங்கே பார்ப்பது?

பின்னைத் தள்ளும்போது சர்க்லிப்
டிங்கென்று எகிறி எங்கோ போனது.
எப்படியும் புதுசுதான் போடணும்,
பழசு வேண்டியதில்லை.
ஆனாலும் அது எங்கே இருக்கிறதென்று தெரியாமல்
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.
கடைசியில் என் கொண்டையிலிருந்து விழுந்தது.

மஞ்சக்குப்பம் லேத்தில் அழகுவேல்,
என்னைவிடப் பத்து வயது சின்னவன்,
சிலிண்டரை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.
அரை போர் போடு என்றேன்.
கால் போதும் என்றான்.
கேஜை இறக்கி இரண்டு பேரும் இரண்டு முறை.
கால்தான்.
"இரும்பை மிச்சம் வைங்கக்கா,
திரும்பவும் மறப்பீங்கல்ல?"

பேரிங் சுருங்க ஃபிரீசரில்,
கிழங்கான் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
கிராங்க் கேஸ் விரிய தோசைக்கல்லில், சிறு தீயில்.
ஐஸ் எடுக்க வந்த இளம்பரிதி
அந்த உறைந்த வளையத்தைத் தூக்கிப் பார்த்து
"இது கிலோ என்ன விலை?" என்றான்.
சொன்னேன்.
ஐஸை மறந்து, கதவை மெதுவாக மூடிவிட்டுப் போனான்.

தண்ணீர்த் துளி தெறித்தால் உருண்டோடும் சூடு.
விட்டேன்.
டொப்பென்று பேரிங் தானே இறங்கி உட்கார்ந்தது.
சுத்தியல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை.
இந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்பதற்காக
இன்னொரு எஞ்சினை நான் கெடுக்கக்கூடும்.

ஞாயிறு காலை உதைத்தேன்.
ஆறு. பதினான்கு. செருப்பு வார் அறுந்தது.
பிளக்கைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து,
வெறுங்காலோடு மறுபடி.
பத்தொன்பதாவதில் ஓர் இருமல்,
அப்புறம் கரகரவென்று
படிக்கட்டெல்லாம் நீலப் புகை,
மேல்வீட்டு சுலைகா அக்கா கொடியில் போட்ட
பள்ளிக்கூடச் சட்டைகள்மேல்.
அவர் கத்தியது கேட்கவில்லை.
வாய் அசைந்தது தெரிந்தது.
கும்பிட்டேன்.

பைகளெல்லாம் காலி,
ஒன்றைத் தவிர.
உள்ளே ஒரு செம்பு வாஷர்.
எதற்கு, எங்கே, எந்தப் பக்கம்,
எதுவும் எழுதவில்லை.
சீட்டில் என் கையெழுத்தில்
'இதை மறக்காதே' என்று மட்டும்.

முதல் நூறு கிலோமீட்டர்
த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திருகக்கூடாது.
கேப்பர் மலையில் மழை பெய்து
என் கோடு அழிந்திருக்கிறது.
ஆயில் கலந்தாயிற்று, இரண்டு முறை அளந்து.
சட்டைப் பையில் வாஷர்.
முந்திரி மரங்களுக்கு நடுவே
மெதுவாக ஏறுகிறேன்,
தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து
கேட்டுக்கொண்டே.