சேர்ந்து வருகிறீர்களா

ஷெர்பூரில் கப்பல் ஏறும்போது
சண்டை எங்களோடு ஏறவில்லை.
அது நடுக்கடலில் ஏறியது,
இரவு பதினொரு மணி வாக்கில்,
டிக்கெட் இல்லாமல்.

எதில் தொடங்கியது என்றால்
ஒரு பிளாஸ்க்.
ரயில் நிலைய பெஞ்சில் அவன் மறந்து வைத்துவிட்டு வந்தது.
பிளாஸ்கிலிருந்து அவன் அக்கா தைவாவுக்கு,
அக்காவிடமிருந்து நான் கியும்ரிக்கு அனுப்பும் பணத்துக்கு,
பணத்திலிருந்து நேராக
நான் சொல்லியிருக்கக் கூடாத அந்த வரிக்கு:
இந்த அட்டை மட்டும் இல்லையென்றால்
மார்ச்சிலேயே போயிருப்பேன்.

ருஷ்ய மொழியில் சொன்னேன்.
அவனுக்கும் அது தாய்மொழி அல்ல, எனக்கும் அல்ல.
இரவல் கத்திதான்.
வெட்டியது.

ரிம்விதாஸ் பதில் சொல்லவில்லை.
சாய்வு நாற்காலியில் படுத்து
முகத்தின் மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டான்.
விடியும்வரை அந்த ஜாக்கெட் ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தேன்.
தூங்குகிறவனின் மூச்சில்லை அது.

அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும்.
பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்தது.
காதுகள் தெரிய என் படம்,
ஓர் எழுத்து குறைவாக என் பெயர்,
அதற்குக் கீழே பொடி எழுத்தில் நான் யார் என்பது:
ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்.
எந்தக் குடிமகன் என்று அதில் இருக்காது.
அவனை நான்தான் கூடவே கொண்டுவர வேண்டும்.

ராஸ்லேரில் பகல் ஒரு மணிக்கு மழை.
கூடத்தில் இரண்டு வரிசை.
அவனுடையது ஓடியது,
என்னுடையது நின்றது.
திரும்பிப் பார்க்காமல்
கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டான்.

கூண்டுக்குள் இருந்தவள் அட்டையைப் புரட்டினாள்.
ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.
மேசைக்கடியிலிருந்து தடித்த ஃபைல் ஒன்றை எடுத்து
எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் தள்ளினாள்.
"கணவரோடு சேர்ந்து வருகிறீர்களா?
இல்லை, அவரிடம் போய்ச் சேருகிறீர்களா?"
இரண்டில் ஒன்று என்றால் விசா வேண்டாம்.
இரண்டும் இல்லையென்றால் என்ன என்று அவள் சொல்லவில்லை,
ஃபைலை மூடவும் இல்லை.

கல்யாணச் சான்றிதழை நீட்டினேன்,
மொழிபெயர்ப்போடு, மூன்று முத்திரையோடு.
"இது அன்றைக்கு நடந்தது," என்றாள்.
"நான் கேட்பது இன்றைக்கு."
குரலில் கடுமை இல்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

காபி மெஷின் முன்னால் ஒரு முதுகு,
ஈர ஜாக்கெட்.
"அதோ," என்றேன்.
"கூப்பிடுங்கள்."

பதினாலு மணி நேரமாக வாயில் எடுக்காத பெயர்.
சந்தையில் மீன் விற்கிறவள் போலக் கத்திவிட்டேன்.
வரிசை முழுவதும் திரும்பியது.
அவன் கடைசியாகத் திரும்பினான்.

வந்தான். கையில் ஒரே ஒரு கப்.
"இவர் உங்களோடு வருகிறாரா?"

என்னைப் பார்த்தான்.
கப்பின் மூடியைப் பார்த்தான்.
எனக்குப் பின்னால் சைக்கிளோடு நின்ற பிரேசில்காரர்
கை தவறி மணியை ஒருமுறை அடித்துவிட்டு
யாரிடமோ மன்னிப்புக் கேட்டார்.
அவன் இன்னும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்," என்றான். "என்னோடுதான்."

முத்திரை விழுந்தது.
மை சரியாகப் படியவில்லை என்று
அவள் இன்னொன்றும் குத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்,
ஏன் அவ்வளவு நேரம் என்று.
"ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை," என்றான்,
இதே நாட்டுக் காளான் பண்ணையில்
ஏழு வருஷம் வேலை பார்த்தவன்.

பஸ் வந்தது.
கப்பை என் கையில் திணித்துவிட்டு
இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டான்.
பாதிதான் இருந்தது, அதுவும் ஆறிப்போய்.
எனிஸ்கார்த்தி வரும்வரை
குடிக்காமல், கீழேயும் வைக்காமல்
பிடித்துக்கொண்டே வந்தேன்.