கழித்த பிறகு

யில்வா பகலில் டிராம் ஓட்டுகிறாள்.
கோதன்பர்க்கின் பதினொன்றாம் தடம், கடல்வரை.
இரவில் அதே தடத்தின் கடைசி வண்டி
அவள் ஜன்னலுக்குக் கீழே திரும்பும்போது
ஒலிபெருக்கி கரகரக்கும்.
அது போனபின்னும் போகாத ஒன்று உண்டு:
சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின்
ம்ம்ம்.

ஆம்ப்ளிஃபையர் அவளைவிட இரண்டு வயது மூத்தது.
தேக்குப் பெட்டி, ஐந்து துளைச் சாக்கெட்,
யாரோ சிகரெட்டை வைத்து மறந்த வடு.
"ஓட்டை போட்டால் விலை போகாது" என்றான்
விற்ற லெனார்ட்.
விற்கவா வாங்கினேன்?
பின்தகட்டில் இருபத்துநான்கு மில்லிமீட்டர் வட்டம் வரைந்தாள்.
அலுமினியச் சுருள் ஒன்று காப்பியில் விழுந்தது.

கணக்கு எளிது.
ஒரே பாட்டை இரண்டு கம்பிகளில் அனுப்பு,
ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக.
வழியில் ஏறும் இரைச்சலுக்கு
நேரும் தெரியாது தலைகீழும் தெரியாது,
டிக்கெட் இல்லாதவனைப் போல
இரண்டிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.
கடைசி நிறுத்தத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி.
இரைச்சல் இறங்கிவிடும், பாட்டு இரட்டிக்கும்.
கழித்தால் கூடுகிற கணக்கை
அவள் சம்பளச் சீட்டில் கண்டதில்லை.

தீப்பெட்டி அளவு மின்மாற்றிகள் நான்கு.
இரண்டு கேசட் டெக்கில், இரண்டு இதில்.
முதல் இரவு: ம்ம்ம்.
இரண்டாம் இரவும், சற்றுக் கோபமாக.
மூன்றாம் இரவுதான் கண்ணில் பட்டது,
முதல் ஊசியின் கம்பியை
உள்ளே சர்க்யூட் பலகைவரை இழுத்துவிட்டிருந்தாள்.
கேபிளின் கவசம் வழியெல்லாம் பொறுக்கிய குப்பையை
நடுக்கூடத்தில் கொட்டியது போல.
வெட்டினாள்.
நுழைவாயிலிலேயே வர்ணத்தைச் சுரண்டி
தகட்டோடு திருகி இறுக்கினாள்.

ஃபிரிட்ஜ் கேட்டது.
மேல்வீட்டில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டது கேட்டது.
கடைசி வண்டி திரும்பியது,
ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேசட்.
தொண்ணூற்றாறு, டிப்போ உணவுக்கூடம்,
ஓட்டுநர்களின் பாடகர் குழு,
இரண்டாம் வரிசையில் அவள்.
பொத்தானை அழுத்தியதும்
ம்ம்ம்.

ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டாள்.
ஒவ்வொரு ஊசியாக மீட்டரை வைத்தாள். எல்லாம் சரி.
திரும்ப ஓடவிட்டு, குனிந்து கேட்டாள்.
உணவுக்கூடத்தின் ஐஸ்க்ரீம் பெட்டி அது.
மைக்கின் முன்னால் நின்று முனகியிருக்கிறது.
வழியில் ஏறியதில்லை,
புறப்பட்ட இடத்திலேயே டிக்கெட் வாங்கியது.

கன்வோர் சுருதிக்கவையை மறந்துவந்த நாள்.
கேசட்டில் அவள் இருமுகிறாள்,
ஒரு கணம் பொறுக்கிறாள்,
ஐஸ்க்ரீம் பெட்டியிடமிருந்து
முதல் சுரத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.